ஒரு அத்தை, மூன்று சீட்டு: நோய்ப் பதிவேடுகளை இணைப்பது எப்படி?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்புக்கு வந்த சங்கச் செயலாளர், "ரோபோ பத்தி எழுதுப்பா, எல்லாரும் படிப்பாங்க" என்றார். மன்னிக்கவும். நான் எழுத வந்தது அதைவிடச் சாதாரணமான விஷயம்: ஆஸ்பத்திரி சீட்டில் எழுதும் பெயர். ஒருவரின் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டால், அந்த இரண்டும் ஒரே ஆள்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு என்று ஒரு தனிக் கலையே இருக்கிறது. நாம் முதலாண்டில் படித்த நிகழ்தகவுக் கணக்கே அதற்குப் போதும். அந்தக் கணக்கில் நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு ஒரு தனி இடமும் உண்டு.

வீட்டில் நடந்தது

எங்கள் அத்தைக்குச் செந்துறைப் பக்கம். பெயர் தமிழரசி. 2021-ல் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. முதலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "பேர் சொல்லுங்கம்மா" என்று கவுன்டரில் கேட்டதற்கு, அத்தை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார்: "அரசின்னு போடுங்க தம்பி." சீட்டில் "அரசி, வயது 55" என்று விழுந்தது.

பிறகு ரேடியேஷனுக்காக வேறொரு ஊரில் வேறொரு ஆஸ்பத்திரி. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில். ஆதார் அட்டையைப் பார்த்துத் தமிழரசி என்று முழுப் பெயர் போட்டார்கள். வயது 58. முகவரி? "லெட்டர் வந்தா வாங்க ஆள் வேணும்ல" என்று சென்னையில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்தோம்.

2023-ல் அத்தை வீட்டிலேயே காலமானார். கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்பைப் பதிந்தபோது பெயர் "அரசியம்மாள்", காரணம் "உடல்நலக் குறைவு". சொன்னதும் நாங்கள்தான், எழுதச் சொன்னதும் நாங்கள்தான். யாரையும் குறை சொல்ல முடியாது.

இப்போது இந்த மூன்று தாளையும் இணைக்காமல் அப்படியே எண்ணிப் பாருங்கள். புற்றுநோய் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அரியலூர் மாவட்டம், இன்னொருவர் சென்னை. இருவருமே கணக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். செத்துப்போன அரசியம்மாளுக்கோ புற்றுநோயே கிடையாது! மூன்று தாளில் எதுவும் வேண்டுமென்று எழுதிய பொய் அல்ல. ஆனால் மூன்றும் சேர்ந்து சொல்லும் கணக்கு முழுப் பொய்.

பதிவேடு என்றால் என்ன?

ஒரு வட்டாரத்தில் வசிப்பவர்களில் யார் யாருக்கு ஒரு நோய் புதிதாக வந்தது என்று ஒருவர் விடாமல் எழுதிவைக்கும் ஏற்பாட்டுக்கு "மக்கள்தொகைப் பதிவேடு" என்று பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1981-ல் உருவானது. அதன்கீழ் சென்னைக்கான பதிவேடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவி, பின்னர் டாக்டர் சாந்தா வளர்த்த அதே மருத்துவமனைதான். கிராமப்புறத்துக்கென்று 2003-ல் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு ஒரு பதிவேடு வந்தது. 2012 முதல் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மாநிலம் முழுவதற்குமாக விரிந்தது. நம் இரண்டு மாவட்டங்களும் அதில் அடக்கம்.

தகவல் தானாக வந்து விழும் என்று நினைக்காதீர்கள். பதிவேட்டின் பணியாளர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், பயாப்சி ரிப்போர்ட், ரேடியேஷன் நோட்டு, கேஸ் ஷீட் என்று புரட்டி எடுத்து வருகிறார்கள். ஒரே நோயாளி நாலு இடத்தில் அகப்படுவார். அவரை ஒருவராக ஆக்க வேண்டும். இது முதல் இணைப்பு. அடுத்து, இறப்புப் பதிவுகளை எடுத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். இது இரண்டாவது இணைப்பு.

இறப்புப் பதிவில் புற்றுநோய் என்று இருந்து, நோயாளிப் பட்டியலில் ஆள் இல்லை என்றால், எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள் என்று பின்னோக்கித் தேடுவார்கள். எவ்வளவு தேடியும் வேறு எதுவும் கிடைக்காவிட்டால், "இறப்புச் சான்றிதழ் மட்டும்" என்ற தனி வகையில் வைப்பார்கள். அந்த வகை பெருத்துப்போனால் பதிவேட்டில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது இணைப்பு தவறினால் என்ன ஆகும் என்பதைச் சென்னைப் பதிவேட்டைச் சேர்ந்த ஆய்வாளர்களே 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார்கள். நோயாளிகளை வீடு தேடிப் போய் விசாரிக்காமல், கையில் வந்த பதிவுகளை மட்டும் நம்பினால், பிழைத்தவர்கள் விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. செத்தவரின் தாள் இணையவில்லை, அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கோ சிகிச்சை நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும்!

ஆறு பேர் கணக்கு

"ஒண்ணு ரெண்டு பேர் தப்பினா என்ன குடிமுழுகிடும்?" என்று ஒரு நண்பன் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர். அரியலூரில் 7,54,894 பேர். சென்னையில் 46 லட்சத்துக்கு மேல். நோய் விகிதத்தை லட்சத்துக்கு இத்தனை என்றுதான் சொல்வார்கள். சென்னையில் விகிதம் ஒன்று கூடவோ குறையவோ வேண்டுமானால் 46 பேர் தவற வேண்டும். பெரம்பலூரில் ஆறு பேர் தவறினாலே போதும். பெண்களுக்கு மட்டும் வரும் நோய் என்றால், பெண்கள் தொகை சுமார் 2.8 லட்சம்தான், மூன்று அத்தைமார்கள் சென்னை முகவரி கொடுத்துவிட்டால் கணக்கு ஒன்று இறங்கிவிடும்.

சிகிச்சைக்காக வெளியூர் போவது நம்ம ஊரில் புதிதல்ல. திருச்சி, தஞ்சாவூர், புதுச்சேரி, சென்னை என்று போகிறோம். அதனால்தான் எங்கே சிகிச்சை பெற்றார் என்பதைவிட எங்கே குடியிருந்தார் என்பதைப் பதிவேடு கேட்கிறது. குறைந்தது ஓராண்டு அந்த வட்டாரத்தில் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. நாம் சொந்தக்காரர் முகவரி கொடுத்தால் நம் நோய் அந்த ஊரின் கணக்கில் ஏறும். பரிசோதனை முகாம் எங்கே வேண்டும், கருவி எங்கே வேண்டும் என்று முடிவெடுப்பவர் நம் மாவட்டத்தின் வரியைப் பார்த்து, "இங்கே கம்மியாத்தான் இருக்கு" என்று அடுத்த பக்கம் புரட்டிவிடலாம்.

ஊர், பெயர், வயது: மூன்றும் படுத்தும் பாடு

(அ) ஊர்: செந்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007-ல் மறுபடி அரியலூர் தனியாகப் பிரிந்தது. வீட்டு வாசலை விட்டு நகராமலே ஒருவர் நாலு முறை மாவட்டம் மாறியிருக்கிறார்! மாவட்டப் பெயர் ஒத்திருந்தால்தான் இணைப்பேன் என்று புரோகிராம் எழுதினால் பழைய தாளும் புதிய தாளும் சேரவே சேராது. எந்த ஊர் எந்த ஆண்டில் எந்த மாவட்டம் என்று ஒரு அட்டவணை செய்து, அதைப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. வேப்பூர் பெரம்பலூர் மாவட்டத்திலும் இருக்கிறது, கடலூர் மாவட்டத்திலும் இருக்கிறது. செந்துறை திண்டுக்கல் மாவட்டத்திலும் உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் எழுதி வட்டத்தை விட்டால் யாரோ இருவர் ஒருவராகிவிடுவார்கள்.

(ஆ) பெயர்: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பெண்களுக்கு அதுவும் நிலையில்லை. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். "செல்வி" என்பது பெயரா, பட்டமா? "செல்வி க. செல்வி" என்று ஒருவர் எழுதினால் கம்ப்யூட்டர் விழிக்கும். "அம்மாள்" ஒரு தாளில் ஒட்டும், இன்னொரு தாளில் உதிரும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் வேடிக்கை. ஒலியை வைத்துப் பெயரைக் குறியீடாக்கும் "சவுண்டெக்ஸ்" என்ற முறைக்கு அமெரிக்காவில் 1918-ல் காப்புரிமை கொடுத்தார்கள். முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை நீக்கி, மற்றவற்றுக்கு எண் கொடுப்பது. எல் என்றால் 4, எம்மும் என்னும் 5, ஆர் 6, கே, ஜி, எஸ், இசட் எல்லாம் 2. சண்முகத்தைக் கே போட்டு எழுதினாலும் ஜி போட்டு எழுதினாலும் எஸ்-525 என்றே வரும். சபாஷ்! ஆனால் தமிழரசிக்கு வாருங்கள். "ழ"வுக்கு எல் போட்டால் டி-546. அதற்கே இசட், எச் போட்டால் டி-526. நம் மொழியின் சிறப்பு எழுத்து அமெரிக்கச் சூத்திரத்தின் கையில் அகப்படவில்லை. "ழ, ள, ல" மூன்றுக்கும் ஒரே எண் வருமாறு நாமே ஒரு தமிழ்ச் சவுண்டெக்ஸ் எழுதினால் என்ன? மூன்றாமாண்டு புராஜெக்ட் தேடும் நண்பர்கள் யோசிக்கலாம்.

(இ) வயது: கவுன்டரில் "வயசு?" என்று கேட்டால் பெரியவர்கள் "அம்பது அம்பத்தஞ்சு இருக்கும்" என்பார்கள். 0-விலும் 5-லும் முடியும் வயதுகள் நம் நாட்டுக் கணக்கெடுப்புகளில் எப்போதும் குவிந்து கிடக்கும். ஆகவே வயது அச்சாக ஒத்துப்போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. முன்பின் விட்டுப் பிடிக்க வேண்டும்.

கணக்கு எப்படிப் போடுவது?

"பதிவு இணைப்பு" என்ற பெயரை 1946-ல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர். கனடாவின் ஹோவர்ட் நியூகோம்ப் 1959-ல் திருமணப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் கம்ப்யூட்டர் கொண்டு இணைத்துக் காட்டினார். 1969-ல் ஃபெல்லெகி, சன்ட்டர் என்ற இருவர் இதற்கு முறையான கணிதம் வகுத்தார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், எல்லாம் பெருக்கல்தான். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஆஸ்பத்திரிப் பட்டியலில் 2,000 பேர், இறப்புப் பட்டியலில் 3,000 பேர் என்று கொள்வோம். ஜோடிகள் 60 லட்சம். ஒரு ஜோடிக்கு ஒரு நிமிடம் என்று கண்ணால் பார்த்தால், தினம் எட்டு மணி நேரம், வருடம் 300 நாள் வேலை செய்தாலும் 41 வருடம் ஆகும். ரிட்டயர் ஆகிவிடுவோம்! அதனால் முதலில் ஒலிக் குறியீடு ஒன்றாக உள்ளவர்களை மட்டும் ஒரு கட்டாகப் பிரித்து ஒப்பிடுவார்கள். ஒலியில் தவறியவர்களைப் பிடிக்க, இரண்டாம் சுற்றில் ஊர்வாரியாகக் கட்டுவார்கள்.

இந்த 60 லட்சத்தில் நிஜமான ஜோடிகள் 600 என்று கொள்வோம். அதாவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஜோடியை எடுத்தால் அது சரியானதாக இருக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. இனி ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரே கேள்வி: ஒரே ஆளாக இருந்தால் இது எத்தனை முறை ஒத்துப்போகும்? வேறு ஆளாக இருந்தும் தற்செயலாக எத்தனை முறை ஒத்துப்போகும்? முன்னதைப் பின்னதால் வகுத்தால் அந்த விவரத்தின் பலம்.

1. பால்: தற்செயலாகவே பாதிப் பேருக்கு ஒத்துப்போகும். பலம் 2.
2. வயது (இரண்டு வருடம் முன்பின்): ஒரே ஆளுக்கு நூற்றுக்கு 80, தற்செயலாக நூற்றுக்கு 10. பலம் 8.
3. ஐம்பதில் ஒருவருக்கு இருக்கும் சாதாரணப் பெயர்: ஒரே ஆளுக்கு நூற்றுக்கு 90, தற்செயலாக நூற்றுக்கு 2. பலம் 45.
4. இரண்டாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் அபூர்வப் பெயர்: பலம் 1,800.
5. ஊர்: ஒரே ஆளுக்கு நூற்றுக்கு 80, தற்செயலாக இருநூற்றில் ஒன்று. பலம் 160. ஊர் ஒத்துப்போகாவிட்டால் 0.2 ஆல் பெருக்க வேண்டும். அதாவது பலம் ஐந்தில் ஒன்றாகக் குறையும்.

இப்போது பாருங்கள். சாதாரணப் பெயர், எல்லாம் ஒத்துப்போகிறது: 2 × 8 × 45 × 160 = 1,15,200. அதைப் பத்தாயிரத்தால் வகுத்தால் 11.5. ஒரே ஆள் என்பதற்குப் பதினொன்றுக்கு ஒன்று சாதகம். இணைக்கலாம்.

சாதாரணப் பெயர், ஊர் மட்டும் வேறு: 2 × 8 × 45 × 0.2 = 144. வகுத்தால் 0.0144. எழுபதில் ஒன்றுகூடத் தேறாது போல. விட்டுவிடலாம்.

அபூர்வப் பெயர், ஊர் வேறு: 2 × 8 × 1,800 × 0.2 = 5,760. வகுத்தால் 0.576. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. தள்ளவும் முடியாது, கொள்ளவும் முடியாது. இங்கேதான் கம்ப்யூட்டர் கைகட்டி நிற்கும். இந்தக் கட்டு மனிதரின் மேசைக்குப் போக வேண்டும். அவர் பழைய கேஸ் ஷீட்டை எடுத்து, கணவர் பெயரைப் பார்த்து, தேவைப்பட்டால் வீட்டுக்கே ஆள் அனுப்பி முடிவு செய்வார்.

ஒரு தவறு ஒருவரை இருவராக்கும், இன்னொரு தவறு இருவரை ஒருவராக்கும். முதலாவதில் நோயாளி எண்ணிக்கை வீங்கும், செத்தவர் பிழைத்திருப்பார். இரண்டாவதில் உயிரோடு இருப்பவர் கணக்கில் செத்துப்போவார். ஒன்றைக் குறைக்கக் கயிற்றை இழுத்தால் மற்றது கூடும். அதனால்தான் நடுவில் இருக்கும் சந்தேகக் கட்டை யாராவது பொறுமையாகப் பார்த்தே ஆக வேண்டும்.

"ஆதார்தான் இருக்கே?"

எல்லாரும் கேட்கும் கேள்வி. எண் ஒன்று எல்லாத் தாளிலும் இருந்தால் வேலை சுலபம்தான். டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அதை வைத்து நோய்ப் பதிவையும் இறப்பையும் இணைக்கிறார்கள். நம் நாட்டில் முதல் ஆதார் எண் 2010-ல்தான் வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய தாள்களில் எண் இருக்க வழியில்லை. காசநோய்க்கு 2012 முதல் நிக்‌ஷய் என்று தனிப் பதிவு, அதற்கு ஓர் எண். 2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்கச் சுகாதார எண். எண்கள் பெருகப் பெருக, எந்த எண் எந்த எண்ணுக்குச் சொந்தம் என்பதே ஒரு இணைப்பு வேலையாகிறது. போன் நம்பரை நம்பலாம் என்றால், அத்தை கொடுத்தது மகனுடைய நம்பர். அவன் திருப்பூரில் சிம் மாற்றிவிட்டான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காசநோய், சர்க்கரை, எச்.ஐ.வி. பதிவேடுகளை இணைத்தால் மருத்துவத்துக்கு நன்மை உண்டு. ஒரு நோய் இன்னொன்றை மோசமாக்குவது தெரியும். ஆனால் சின்ன ஊரில் வயது, தெரு, நோய் மூன்றும் தெரிந்தாலே ஆள் யார் என்று டீக்கடைக்குத் தெரிந்துவிடும். ஆகவே பெயரை இணைக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆய்வுக்குக் கொடுக்கும் பட்டியலில் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, பிறர் நோயை வெளியே பேசாத நாக்கும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

நம்மில் பலர் டிப்ளமோ முடித்து ஆஸ்பத்திரிகளிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் டேட்டா என்ட்ரிக்குப் போகிறோம். அந்த நாற்காலியில் உட்காரும் நாளுக்காக ஐந்து விஷயம்:

1. ரேஷன் கார்டு அல்லது ஆதாரில் உள்ள பெயரைக் கேளுங்கள். கூப்பிடும் பெயரைத் தனியாக எழுதுங்கள்.
2. பெண்களுக்கு அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டையும் முழுதாகக் கேளுங்கள். திருமதி, செல்வி, லேட் ஆகியவை பெயர்க் கட்டத்துக்குள் வேண்டாம்.
3. ஊரோடு வட்டத்தையும் எழுதுங்கள். "லெட்டர் போடும் முகவரி" வேறு, "குடியிருக்கும் ஊர்" வேறு. இரண்டையும் கேளுங்கள்.
4. வயது தெரியாவிட்டால் மூத்த பிள்ளை வயதைக் கேட்டாவது கணக்கிடுங்கள். தோராயம் என்றால் தோராயம் என்றே குறியுங்கள்.
5. "சீட்டு தொலைஞ்சிடுச்சா? பரவால்ல, புதுசு போட்டுடறேன்" என்று சட்டென்று சொல்லாதீர்கள். முதலில் தேடிப் பாருங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒன்று: இறப்பை 21 நாளுக்குள் பதியும்போது, இருந்த நோயின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். நாங்கள் தயங்கினோம். "புத்துநோய்னு எழுத வேணாம், பொண்ணுக்கு வரன் பாக்குறோம்" என்று அன்றைக்கு யாரோ சொன்னார்கள். நானும் பேசாமல்தான் நின்றேன்.

அத்தையின் மூன்று சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எங்கள் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். மேலே சொன்ன கணக்கை முதன்முதலில் அந்தச் சீட்டுகளுக்குத்தான் போட்டுப் பார்த்தேன். பெயர் ஒட்டவில்லை, வயது ஒட்டவில்லை, ஊர் ஒட்டவில்லை. தள்ளிவிடச் சொன்னது கணக்கு. மூன்றும் ஒருவர்தான் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பதிவேட்டுக்குத் தெரிய வேண்டுமானால் கவுன்டரில் இருப்பவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், நாங்களும் இன்னும் ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் அந்த நாற்காலியில் உங்களில் யாரோ இருப்பீர்கள். அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், நண்பர்களே.

– மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்